கமெரா மலிஞ்சு போச்சு, தொழில் பழகுற இடம் எங்கே?



இந்தக் கிழமை எபிசோட்டில் ஃபோன் கமெராக்களைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைச்சம். சென்சர், லென்ஸ், ஃபோனுக்குள்ளேயே படத்தைத் திருத்துகிற மென்பொருள் எல்லாம் வந்தது. முடிக்கப்போற நேரத்தில் ஒரு தங்கச்சி அனுப்பின கேள்வியை வாசிச்சம். அவவுக்கு 19 வயது. பத்து வயதிலிருந்து படம் எடுக்கிறா. "இதைத் தொழிலா எடுக்கலாமா? இல்லாட்டி ஏஐ வந்த பிறகு இதுக்கு எதிர்காலம் இல்லையா? வீட்டில கொம்பியூட்டர் சயன்ஸ் படி எண்டு சொல்லினம்."

நேரம் போதாமல் இரண்டு வசனத்தில் பதில் சொல்லி முடித்தோம். அந்தக் கேள்விக்கு இரண்டு வசனம் காணாது. அதனால் இந்த முறை கடிதம் முழுக்க அதற்குத்தான்.

என் கருத்தை முதலே சொல்லிவிடுகிறேன். பொழுதுபோக்குக்கும் தொழிலுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. தொழில் தெரிந்த ஒருவருக்குப் பக்கத்தில் நின்று, சின்னச் சின்ன வேலைகள் செய்து, அதற்குக் கொஞ்சம் காசும் வாங்கி, பிழை விட்டுத் திருத்தி, தொழில் பழகுகிற இடம். கமெரா கிடைக்காததால் யாரும் இப்ப தடுக்கி விழுவதில்லை. அந்த நடு இடம் கிடைக்காததால்தான் விழுகிறார்கள். அந்த இடத்தை ஏஐ மட்டும் அழிக்கவில்லை, நாங்களும் சேர்ந்துதான் அழிக்கிறோம். எனவே அதைத் திருப்பி உண்டாக்குவதும் எங்கட கையில் இருக்கிறது.

நான் படப்பிடிப்பாளன் இல்லை. லொங்குய்ய்யில் இருந்து கொன்ராக்டில் ஐடி வேலை செய்கிறவன். ஆனால் இந்தக் கேள்விக்கு ஆக நல்ல பதில் எங்கட வீட்டுக்குக் கிட்டவே நடந்த ஒரு கதையில் இருக்கிறது. எங்கட மெட்ரோ மஞ்சள் லைனின் கடைசி ஸ்டேஷன் பெயர் உங்களுக்குத் தெரியும்: லொங்குய்ய்–யுனிவர்சித்தே-த-ஷெர்புரூக். அந்த ஷெர்புரூக் நகரம் இங்கிருந்து ஓட்டோரூட் 10இல் போனால் ஒன்றரை மணித்தியாலம். 20ஆம் நூற்றாண்டின் ஆகப் பெரிய முகப் படங்களை எடுத்த மனிதர் தொழில் பழகத் தொடங்கினது அங்கேதான்.

அவர் பெயர் யூசுப் கார்ஷ். பெயர் தெரியாவிட்டாலும் அவர் எடுத்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். வின்ஸ்டன் சேர்ச்சில் கோபமாக முறைத்துக்கொண்டு நிற்கிற கறுப்பு வெள்ளைப் படம். லண்டனில் மாமா சித்தி இருந்தால் அவர்களின் பர்ஸைத் திறந்து பாருங்கள். 2016இல் வந்த 5 பவுண்ட் தாளில் இருப்பது அந்தப் படத்தை வைத்து வரைந்த முகம்தான்.

கார்ஷ் 1908இல் மர்தின் என்ற ஊரில் பிறந்தவர். இன்றைக்கு அது துருக்கியில் இருக்கிறது. ஆர்மேனியக் குடும்பம். ஆர்மேனியர்களை இனப்படுகொலை செய்த காலத்தில் வளர்ந்த பிள்ளை. சொந்தங்கள் செத்ததையும் பசியையும் நோயையும் கண்டவர். 1922இல் குடும்பம் எல்லாத்தையும் விட்டுவிட்டு சிரியாவின் அலெப்போவுக்கு ஓடியது. அங்கிருந்து பதின்ம வயதில் தனியாகக் கப்பலேறி, ஒரு புது வருசத்துக்கு முதல் நாள் ஹலிஃபக்ஸில் வந்து இறங்கினார். இங்கிலீஷும் பிரெஞ்சும் சரியாக வராது. கூட்டிக்கொண்டு போக வந்தவர் தாய்மாமன் ஜோர்ஜ் நகாஷ். ஷெர்புரூக்கில் ஸ்ரூடியோ வைத்திருந்த படப்பிடிப்பாளர்.

இந்தப் பந்தியை எங்கட வீட்டுப் பெரியாக்களுக்கு வாசித்துக் காட்டிப் பாருங்கள். ஊர்ப் பெயர்களை மாற்றினால் இது அவையளின்ட கதை. முதலில் ஒருவர் வருவார், அவர் மருமகனைக் கூப்பிடுவார், பிள்ளை தனியாக விமானம் ஏறும், ஊரில் மிச்சப் பேர் காத்திருப்பினம்.

இன்னும் ஒரு ஒற்றுமை இருக்கு. கார்ஷ் படப்பிடிப்பாளராக வர ஆசைப்பட்டு வரவில்லை. டொக்டராக வரத்தான் ஆசைப்பட்டார்! ஷெர்புரூக்கில் பள்ளிக்கூடம் போனார். 1926 கோடை விடுமுறையில் மாமா தன்னுடைய ஸ்ரூடியோவில் கூடமாட உதவிக்கு நிற்கச் சொன்னார். அங்கேதான் திசை திரும்பினது.

மாமா அவருக்கு ஒரு சின்னக் கமெரா கொடுத்தார். அதை வைத்துப் பொழுதுபோக்காகப் படம் எடுத்தார். ஒரு இயற்கைக் காட்சி, அதில் விளையாடுகிற பிள்ளைகள். அந்தப் படத்தை ஒரு பள்ளிக்கூடச் சிநேகிதனுக்கு நத்தார் பரிசாகக் கொடுத்தார். அந்தப் பெடியன் கார்ஷுக்குச் சொல்லாமலே அதை ஈட்டன்ஸ் கடை நடத்திய போட்டிக்கு அனுப்பிவிட்டான். முதல் பரிசு, 50 டொலர். மொன்றியல் டவுன்டவுனில் நீங்கள் போய்ச் சுத்துற ஈட்டன் சென்டரின் பெயரில் இருப்பது அதே ஈட்டன்தான்.

கார்ஷ் அந்தக் காசை என்ன செய்தார் தெரியுமா? 10 டொலரைச் சிநேகிதனுக்குக் கொடுத்தார். மிச்சத்தை அலெப்போவில் இருந்த தாய் தகப்பனுக்கு அனுப்பினார். வெளிநாட்டுக்கு வந்த பிறகு வீட்டுக்கு அனுப்பின முதல் காசு அது.

இந்தக் கதையை வழக்கமாகச் சொல்லுறவை இதில் நிறுத்தி, "பார்த்தீங்களா, திறமை இருந்தால் உலகம் கண்டுபிடிக்கும்" என்று முடிப்பினம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1926இல் படம் எடுக்கிற பிள்ளைகள் அபூர்வம் இல்லை. கொடக் கொம்பனி 1900ஆம் ஆண்டிலேயே பிரௌனி என்ற பெட்டிக் கமெராவை 1 டொலருக்கு விற்கத் தொடங்கிவிட்டது. கார்ஷ் கையில் கமெரா வருவதற்கு 26 வருசத்துக்கு முதலே வட அமெரிக்காவில் சாதாரண வீட்டுப் பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டு இருந்தார்கள். அதில் நல்ல கண் உள்ள பிள்ளைகளும் நிறைய இருந்திருப்பார்கள்.

ஆகவே "இப்ப எல்லாரிட்டயும் ஃபோன் இருக்கு, எல்லாரும் படப்பிடிப்பாளர்தான், இனி இந்தத் தொழில் செத்துது" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போங்கள். இதே கதையைச் சொல்ல நூறு வருசத்துக்கு முதலும் காரணம் இருந்தது. கருவி மலிவாவது புதுசு இல்லை. கமெரா ஆயிரக்கணக்கான பிள்ளைகளிடம் இருந்தது. கார்ஷிடம் கமெராவோடு சேர்த்து ஒரு மாமாவும் இருந்தார்.

அந்த மாமா அடுத்துச் செய்த காரியம்தான் எனக்கு முக்கியம். மருமகனைத் தன்னுடைய கடையிலேயே வைத்திருந்திருக்கலாம். வேலை தெரிந்த, சம்பளம் அதிகம் கேட்காத சொந்தக்காரப் பெடியனை யார் விடுவார்கள்? நகாஷ் விட்டார். 1928இல் அவரை பொஸ்டனுக்கு அனுப்பினார். அங்கே ஜோன் காரோ என்ற பெரிய படப்பிடிப்பாளர் இருந்தார், அவரும் ஆர்மேனியர். ஆறு மாதம் நின்று பழகிவிட்டு வருவது என்றுதான் திட்டம். கார்ஷ் மூன்று வருசம் நின்றார்.

அந்த மூன்று வருசத்தில் என்ன பழகினார் என்று பாருங்கள். காரோ செயற்கை வெளிச்சம் பாவிக்காதவர். ஸ்ரூடியோவின் கூரைக் கண்ணாடி வழியாக வருகிற பகல் வெளிச்சத்தில்தான் எடுப்பார். வெளிச்சம் இறங்கினால் வேலை முடிந்தது. அப்படி இருக்கிற இடத்தில் நிற்கிற பெடியன் வெளிச்சம் முகத்தில் எப்படி விழுகிறது, மேகம் வந்தால் எப்படி மாறுகிறது என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருப்பான். இருட்டறையில் பிளாட்டினம், கார்பன், புரோமோயில் என்று அந்தக் காலத்துப் பிரிண்ட் முறைகளைக் கையால் செய்து பழகினார். பின்னேரம் ஓவிய வகுப்புக்குப் போய் ரெம்பிரான்ட், வெலாஸ்கேஸ் போன்ற பழைய ஓவியர்கள் முகத்தில் வெளிச்சத்தை எப்படி வைத்தார்கள் என்று படித்தார்.

வேலை முடிந்த பிறகு காரோவின் ஸ்ரூடியோவுக்குப் பாடகர்கள், நடிகர்கள், எழுத்தாளர்கள் எல்லாரும் வருவார்கள். அமெரிக்காவில் மதுவிலக்குக் காலம் அது. இருட்டறை இரசாயனப் பெயர் ஒட்டின போத்தல்களில் குடிவகையை ஒளித்து வைத்திருப்பார்கள். அதை ஊற்றிக் கொடுக்கிற வேலை கார்ஷுக்கு! இது வேடிக்கைக் கதை மாதிரி இருக்கும். ஆனால் யோசியுங்கள். பிறகு அவர் வாழ்க்கை முழுக்கச் செய்தது என்ன? பெயர் பெற்ற மனிதர்களைச் சில நிமிசத்தில் சகஜமாக்கி, அவர்களோடு கதைத்து, முகம் திறக்கிற கணத்தைப் பிடிப்பது. பெரிய மனிதர்கள் உள்ள அறையில் பயப்படாமல் நிற்கிற பழக்கம் அந்தப் போத்தல் ஊற்றின நாள்களில் வந்தது என்று நான் நம்புகிறேன். எந்தப் பாடத்திட்டத்திலும் அது இருக்காது.

பிறகு ஒட்டாவாவுக்கு வந்து, 1932இல் அங்கே சொந்த ஸ்ரூடியோ. காசில்லாத காலம். தோடம்பழப் பெட்டிகளைத் தளபாடமாக வைத்துத்தான் தொடங்கினார். அங்கே ஒரு அமச்சூர் நாடகக் குழுவில் சேர்ந்தார். பகல் வெளிச்சத்தில் மட்டும் பழகின மனிதன் மேடை லைற்றைக் கண்டது அங்கேதான். ஒரு லைற்றை மங்கலாக்கினால் ஒரு முகமே வேறு முகமாக மாறுவதைப் பார்த்தார். அவருடைய படங்களை நாங்கள் இன்றைக்கு அடையாளம் காண்பது அந்த லைற்றை வைத்துத்தான். கலியாணம் செய்த பெண்ணையும் அந்த நாடகக் குழுவில்தான் சந்தித்தார்.

1941 டிசம்பர் 30. சேர்ச்சில் ஒட்டாவா பாராளுமன்றத்தில் பேசுகிறார். பிரதமர் மெக்கென்சி கிங்கின் ஏற்பாட்டில் கார்ஷ் சபாநாயகரின் அறையில் முதல் நாள் இரவே லைற்றும் கமெராவும் பூட்டி வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். படம் எடுக்கப் போவதை யாரும் சேர்ச்சிலுக்குச் சொல்லவில்லை. அவருக்குக் கோபம். கொடுத்தது மிகக் கொஞ்ச நேரம். வாயில் சுருட்டு. சாம்பல் தட்டத்தை நீட்டியும் அவர் சுருட்டை வைக்கவில்லை. கார்ஷ் கிட்டப் போய், மன்னிப்புக் கேட்டபடி, சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டார்! திரும்பி வந்து கமெராவை அமத்தினபோது சேர்ச்சில் அவரைக் கடித்துத் தின்னுவது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படம்தான் அது.

எல்லாரும் அந்தச் சுருட்டைத்தான் கதைப்பார்கள். நான் கணக்குப் பார்க்கிறேன். 1926இல் மாமாவின் ஸ்ரூடியோ, 1941இல் இந்தப் படம். சரியாகப் 15 வருசம். அதில் முதல் ஐந்து வருசமளவு இன்னொருவருக்குப் பக்கத்தில் நின்ற காலம். அதன் பிறகு 1992 வரைக்கும் ஸ்ரூடியோ நடத்தினார். 15,000க்கும் மேற்பட்ட பேர் அவர் கமெராவுக்கு முன்னால் இருந்திருக்கிறார்கள். 2002இல் 93 வயதில் இறந்தார். அவருடைய நெகட்டிவ்கள் இன்றைக்கு கனடாவின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1937இல் தம்பி மாலக் கனடா வந்தபோது அண்ணன் யூசுப் அவருக்கு ஒரு நகாஷ் ஆனார். தம்பியும் படப்பிடிப்பாளரானார். முகங்களை விட்டுவிட்டு வெளியுலகத்தை எடுத்தார். பழைய கனடா 1 டொலர் தாளின் பின்பக்கத்தில் ஒட்டாவா ஆற்றில் மரக்குற்றிகள் மிதக்கிற காட்சி இருக்கும். அது மாலக் எடுத்த படம். மாமன் மருமகனுக்கு, அண்ணன் தம்பிக்கு என்று ஒரு சங்கிலி. ஒரு அகதிக் குடும்பம் ஒரு நாட்டின் காசுத்தாளில் ஏறினது அப்படித்தான்.

"சரி அண்ணை, அது ஆர்மேனியக் கதை, எங்கட ஆக்களில ஆர் இருக்கினம்?" என்று கேட்பீர்கள். இருக்கிறார். பாலு மகேந்திரா. 1939இல் மட்டக்களப்புக்குக் கிட்ட அமிர்தகழியில் பிறந்தவர். பள்ளிக்கூடக் காலத்தில், "த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்" படத்தை இலங்கையில் டேவிட் லீன் எடுத்துக்கொண்டிருந்தபோது அந்தப் படப்பிடிப்பைப் போய்ப் பார்த்தார். அன்றைக்குப் பிடித்த ஆசை. ஆனால் ஆசை உடனே தொழிலாகவில்லை. கொழும்பில் வேலை பார்த்தார். பிறகு புனே திரைப்படக் கல்லூரிக்குப் போய் 1969இல் ஒளிப்பதிவு படித்து முடித்தார். 1977இல் "கோகிலா"வுக்கும், 1982இல் "மூன்றாம் பிறை"க்கும் இந்திய தேசிய விருது, இரண்டும் ஒளிப்பதிவுக்கு. இருக்கிற வெளிச்சத்தை வைத்து எடுப்பதில் அவரை அடிக்க ஆளில்லை என்று தமிழ் சினிமா முழுக்கச் சொல்லும்.

அவருக்கு மாமா இல்லை. கல்லூரி அந்த இடத்தைக் கொடுத்தது. ஆனால் அவர் மற்றவர்களுக்கு என்ன செய்தார் பாருங்கள். பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி எல்லாரும் அவரிடம் உதவி இயக்குநர்களாக நின்றவர்கள். கடைசிக் காலத்தில் சென்னையில் "சினிமா பட்டறை" என்று ஒரு பள்ளியும் நடத்தினார். 2014இல் அவர் இறந்தபோது படங்களோடு சேர்த்து ஒரு பரம்பரையையும் விட்டுவிட்டுப் போனார்.

எங்கட பண்பாட்டுக்கு இது புதுசே இல்லை. தவிலும் நாதஸ்வரமும் குருவின் வீட்டில் நின்றுதான் பழகினார்கள். தமிழ் சினிமாவில் "ஆரிட்ட அசிஸ்டென்டா இருந்தனீங்கள்?" என்பதுதான் முதல் கேள்வி. பிறகு ஏன் இங்கே வந்து இதை மறந்தோம்?

இப்ப எங்கட கலியாண வீடுகளுக்கு வாருங்கள். மொன்றியலிலும் ரொறொன்ரோவிலும் தமிழ்ப் படப்பிடிப்பாளர்களுக்கு வேலைக்குக் குறைவில்லை. கலியாணம், சாமத்தியவீடு, முதலாம் பிறந்தநாள், அரங்கேற்றம். ஒரு கலியாணத்தில் ஆயிரக்கணக்கில் படம் எடுப்பார்கள். முன்பு அதற்கு ஒரு உதவியாள் வேணும். லைற் ஸ்ராண்டைத் தூக்க, இரண்டாவது கமெராவில் மணவறைக்கு மற்றப் பக்கம் நிற்க, இரவு ஹோலால் வந்து ஆயிரம் படத்தில் நல்ல நூறைப் பிரிக்க. அந்தப் பிரிக்கிற வேலை அலுப்பு. ஆனால் பழகிறதே அதில்தான். ஒரே தாலி கட்டுகிற கணத்தின் பன்னிரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஏன் ஏழாவது மட்டும் உயிரோடு இருக்கிறது என்று தேடுகிறபோதுதான் கண் திறக்கும்.

அந்த வேலையை இப்ப மென்பொருள் செய்கிறது. கண் மூடினது, மங்கலானது, ஒரே மாதிரியானது எல்லாத்தையும் நிமிசக் கணக்கில் ஒதுக்கித் தரும். நிறமும் திருத்தித் தரும். நான் அதைக் குறை சொல்லவில்லை. இரவு மூன்று மணிக்குப் படுக்கிற படப்பிடிப்பாளருக்கு அது பெரிய விடுதலை. ஆனால் அந்த மென்பொருளின் மாதக் கட்டணத்தோடு சேர்த்து இன்னொரு விலையும் போகிறது. முந்தி அந்தக் கதிரையில் ஒரு 19 வயதுப் பிள்ளை இருந்தது.

இதை நான் இவ்வளவு நிச்சயமாகச் சொல்லக் காரணம் என்னுடைய தொழிலிலும் இதே காட்சியைப் பார்க்கிறேன். போன வருசம் நான் வேலை செய்த ஒரு இடத்தில் முந்தி மூன்று புதுப் பெடியள் இருந்தார்களாம். சின்னச் சின்னப் பிழை திருத்துவது, டெஸ்ட் எழுதுவது அவர்களின் வேலை. இப்ப அந்த வேலையை ஏஐ எழுதுகிறது, அனுபவம் உள்ள இரண்டு பேர் சரிபார்க்கிறார்கள். வேலை வேகமாகத்தான் நடக்கிறது. ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் கேட்டேன்: "இந்த இரண்டு பேரும் ரிட்டயர் ஆனால் ஆர் சரிபார்ப்பார்கள்?" ஒருவரிடமும் பதில் இல்லை. சரிபார்க்கிற மூளை வானத்திலிருந்து விழாது. அது முந்தி ஆயிரம் சின்னப் பிழையைத் தானே திருத்தின மூளை.

அதனால் வீட்டில் "கமெரா வேண்டாம், கொம்பியூட்டர் சயன்ஸ் படி, அதுதான் பாதுகாப்பு" என்று சொல்லுகிற அம்மா அப்பாவுக்கு நான் பணிவாகச் சொல்லுவது: இரண்டு பாதையிலும் கீழ்ப்படியைத்தான் கழற்றிக்கொண்டு போகிறார்கள். பட்டம் எடுத்தால் படி தானாக முளைக்கும் என்ற காலம் போய்க்கொண்டிருக்கிறது. பக்கத்தில் நிற்க ஆள் உள்ள பிள்ளைதான் பாதுகாப்பான பிள்ளை, அது கமெராவாக இருந்தாலும் சரி கோடாக இருந்தாலும் சரி.

இதற்கு எதிர்க்கருத்து வரும் என்று தெரியும். மூன்றை எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று, "யூடியூப்பில் எல்லாம் இருக்கு." உண்மைதான். கார்ஷ் மூன்று வருசத்தில் கேட்டதை விடக் கூடுதலான விளக்கம் ஒரு இரவில் பார்க்கலாம். ஆனால் யூடியூப் உங்கட படத்தைப் பார்க்காது. நீங்கள் நேற்று எடுத்த படத்தில் அம்மம்மாவின் முகம் ஏன் இருட்டாக வந்தது, அந்த நேரத்தில் நீங்கள் எங்கே நின்றிருக்க வேணும் என்று அது சொல்லாது. கோவித்துக்கொண்ட மாப்பிள்ளையின் தகப்பனை எப்படிச் சமாளித்துக் குடும்பப் படத்துக்குள் கொண்டுவருவது என்றும் சொல்லாது.

இரண்டு, "அசிஸ்டென்ட் எண்டால் சும்மா வேலை வாங்குறதுதானே." இந்தக் குற்றச்சாட்டில் நிறைய நியாயம் இருக்கு. "அனுபவம் கிடைக்கும்" என்று சொல்லி, சனி ஞாயிறு முழுக்க லைற் தூக்க வைத்து, ஒரு பிரியாணிப் பார்சலோடு அனுப்புகிற ஆக்களும் இருக்கினம். அதைத் தொழில் பழக்குவது என்று சொல்லக்கூடாது. காசு கொடுக்க வேணும். படத்தில் பெயர் போட வேணும். காரோ மாதிரி, தெரிந்ததை ஒளிக்காமல் சொல்லிக் கொடுக்க வேணும். நகாஷ் மாதிரி, நேரம் வந்தால் பெரிய இடத்துக்கு அனுப்பிவிடவும் வேணும்.

மூன்று, "எல்லாப் பொழுதுபோக்கையும் ஏன் தொழிலாக்க வேணும்?" ஆக்கத் தேவையில்லை. கிழமை நாளில் வேறு வேலை செய்து, சனிக்கிழமை செயின்ட் லோரன்ஸ் ஆற்றங்கரையில் படம் எடுத்துச் சந்தோசமாக இருப்பவர்கள் எத்தனையோ பேர். அவர்களை நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். இன்ஸ்டகிராமில் விலைப்பட்டியல் போடும்படி எல்லாரையும் நச்சரிக்கிற பழக்கம்தான் எனக்குப் பிடிக்காது. நான் கேட்பது ஒன்றுதான்: தொழிலாக்க விரும்புகிற பிள்ளைக்கு வழி இருக்க வேணும்.

அப்ப கேள்வி கேட்ட தங்கச்சிக்கு என் பதில்.

அடுத்த லென்ஸ் வாங்குவதற்கு முதல், யாருடைய படம் உங்களுக்குப் பிடிக்குமோ அவருக்கு எழுதுங்கள். "என்னை அசிஸ்டென்டா எடுப்பீங்களா?" என்று மட்டும் எழுதினால் பதில் வராது. "இந்தத் தேதியில உங்களுக்கு ஒரு நிகழ்ச்சி இருக்கு, லைற் தூக்க ஆள் வேணுமா?" என்று எழுதுங்கள். பத்துப் பேருக்கு எழுதினால் ஒருவர் ஓமென்பார். டோசன் கொலிஜில் தொழில்முறைப் படப்பிடிப்புக்கு மூன்று வருடப் படிப்பு இருக்கு, அதையும் போய்ப் பாருங்கள். கூடப் படிக்கிற ஆக்களும் ஆசிரியர்களும் உங்கட படத்தைப் பார்த்து முகத்துக்கு நேரே சொல்லுவார்கள். காரோவிடம் கார்ஷுக்குக் கிடைத்தது அதுதான். கொம்பியூட்டர் சயன்ஸ் படித்தாலும் பாதகமில்லை, ஆனால் அதிலும் ஒருவருக்குப் பக்கத்தில் நிற்கிற ஸ்டாஜைத் தேடுங்கள்.

அந்த 10 டொலர் சிநேகிதனையும் மறக்க வேண்டாம். அவனுடைய பெயர் வரலாற்றில் பெரிதாக இல்லை. ஆனால் அவன் அந்தப் படத்தை அனுப்பியிராவிட்டால் என்ன நடந்திருக்கும்? உங்கட கூட்டாளி ஒருத்தி நல்லாப் படம் எடுத்து ஃபோனுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தால், நீங்கள் அனுப்பிவிடுங்கள். கேட்டுவிட்டு அனுப்பினால் இன்னும் நல்லது.

ஏற்கெனவே தொழிலில் இருக்கிற எங்கட வயதுக்காரருக்கும் ஒன்று. நாங்கள் இப்ப முப்பதுகளில். எங்கட அம்மா அப்பா உழைத்ததில் பாதி ஊருக்குப் போனது. அந்த 40 டொலரை அவர்கள் எத்தனை தரம் அனுப்பியிருப்பார்கள்! எங்களில் கனபேருக்கு அந்தச் சுமை குறைவு. அந்த மிச்சத்தில் ஒரு பங்கை அடுத்த பிள்ளைக்குச் செலவழிக்கலாம். கலியாணப் படம் எடுக்கிற அண்ணாமார், அக்காமார், மென்பொருள் மிச்சம் பிடிக்கிற நேரத்தில் ஒரு மணித்தியாலத்தை ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள். மென்பொருள் ஒதுக்கின படங்களை அந்தப் பிள்ளையோடு திரும்பப் பாருங்கள், அது எதைத் தவறவிட்டது என்று தேடச் சொல்லுங்கள். கலியாண வீட்டுக்காரர், விலை பேசும்போது "இரண்டாவது ஆளுக்கு ஏன் காசு?" என்று அடித்துக் குறைக்காதீர்கள். நீங்கள் குறைக்கிற அந்த இருநூறு டொலர்தான் ஒரு பிள்ளையின் கீழ்ப்படி. ஐடியில் இருக்கிறவர்கள், உங்கட அணிக்குப் புது ஆள் எடுக்கிற கதை வந்தால் வாயைத் திறந்து ஆதரவாகச் சொல்லுங்கள். நான் இப்ப எந்தக் கொன்ராக்டிலும் அதைச் சொல்லுகிறேன். எப்போதும் வெல்லுவதில்லை, இரண்டு தரம் வென்றிருக்கிறேன்.

ஏஐயைப் பற்றி அவ கேட்டதற்கும் பதில் வேணும். ஏஐ ஒரு அழகான மணமகளை உண்டாக்கும். ஆனால் உங்கட அக்கா தாலி ஏறின அந்த நிமிசத்தில் அம்மா எங்கே பார்த்துக்கொண்டிருந்தா என்பது அதற்குத் தெரியாது, ஏனென்றால் அது அங்கே இருக்கவில்லை. அங்கே இருந்த ஆளின் படத்துக்குத்தான் சனம் காசு கொடுக்கும். அங்கே நிற்கத் தெரிந்த ஆளை உருவாக்குகிறோமா என்பதுதான் மிச்சக் கேள்வி.

கடைசியாக ஒரு வேலை. மொன்றியல், லொங்குய்ய், புரோசார், லவால் பக்கம் படப்பிடிப்புத் தொழில் செய்கிறவர்கள், இந்தக் கோடையில் சம்பளத்தோடு ஒரு உதவியாளை எடுக்க விருப்பமென்றால் இந்த மடலுக்கே பதில் எழுதுங்கள். இடம் தேடுகிற பிள்ளைகளும் எழுதுங்கள், உங்கட படம் மூன்றை இணைத்து. நாங்கள் இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைக்கிறோம். 19 வயதுத் தங்கச்சியின் பெயரை முதல் ஆளாக எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்த கிழமை எபிசோட்டில் பழைய ஹார்ட் டிஸ்கில் இருக்கிற குடும்பப் படங்களைப் பாதுகாப்பது எப்படி என்று கதைக்கிறோம். உங்கட வீட்டு அலுமாரிக்குள் கிடக்கிற டிஸ்கை அதற்கு முதல் ஒருக்காத் தேடி எடுத்து வையுங்கள்.

சந்திப்பம்.